விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு லப்டொப் வைத்திருப்பவர்கள், நகரத்தில் கொமினிகேசன் கடை நடத்துபவர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்கள், சட்டத்தரணி அலுவலகங்களில் ஆவணம் தட்டச்சுச் செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. "கணினியே நம்மைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறதாம்" என்ற பேச்சில் எது உண்மை, எது மிகை, இயங்குதளத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாற்றுவதானால் எப்படி மாற்றுவது, எங்கே சறுக்கும் என்பவை கீழே வருகின்றன.

விண்டோஸ் திரையில் வருவதையெல்லாம் படம் பிடித்து வைக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்த வசதியின் பெயர் ரீகோல். மைக்ரோசொப்ட் அதை 2024 மே 20 அன்று அறிவித்தது. சில விநாடிகளுக்கு ஒரு தடவை திரையைப் படம் எடுத்து, படத்திலுள்ள எழுத்துகளை வாசித்து, பின்னொரு நாளில் தேடி எடுக்கும்படி கணினிக்குள்ளேயே அடுக்கி வைக்கும். ஜூன் மாதமே வரவேண்டியது அது. ஆனால் வாசிக்கப்பட்ட எழுத்துகள் எல்லாம் பூட்டில்லாத ஒரு தரவுத்தளக் கோப்பில் கிடக்கின்றன, அந்தக் கணக்கில் ஓடும் எந்த மென்பொருளும் அதைத் திறந்து படித்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்துகாட்டியதும் வெளியீடு தள்ளிப்போனது. திருத்திய வடிவம் 2025 ஏப்ரலில்தான் பொதுப் பாவனைக்கு வந்தது.

இப்போதைய வடிவில் நீங்கள் சம்மதித்தால் மட்டுமே அது இயங்கத் தொடங்கும். படங்கள் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாது. பார்ப்பதற்கு முகம், விரல் அல்லது பின் இலக்கம் கேட்கும். படங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. கடவுச்சொல், வங்கி அட்டை இலக்கம் போன்றவற்றை வடிகட்டும் ஏற்பாடும் உண்டு, ஆனால் வடிகட்டி ஊகத்தில் வேலை செய்கிறது. சாதாரண வேர்ட் கோப்பில் யாரோ எழுதிவைத்த கடவுச்சொல்லை அது கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இதில் நாங்கள் பெரிதாக நினைப்பது வேறொன்று. உங்கள் கணினியில் ரீகோல் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்ப்பவரின் கணினியில் இருந்தால், உங்கள் கடிதம் அங்கே படமாகிவிடும். உங்களிடம் யாரும் அனுமதி கேட்கப்போவதில்லை. செய்தி அனுப்பும் சிக்னல் செயலி 2025 மே மாதத்தில் விண்டோஸ் 11 இல் தன் சாளரம் படம் எடுக்கப்படாதபடி மறைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். திரைப்படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்க வைத்திருக்கும் அதே குறியைத்தான் அது பயன்படுத்துகிறது.

என் லப்டொப்பில் ரீகோல் இருக்கிறதா?

அநேகமாக இல்லை. "கோபைலட் பிளஸ்" என்று விற்கப்படும் புதிய கணினிகளில் மட்டுமே அது வரும். விநாடிக்கு 40 டிரில்லியன் கணக்குகள் போடும், செயற்கை நுண்ணறிவு வேலைக்கான தனிச் சில்லு, 16 ஜிபி ரெம், 256 ஜிபி சேமிப்பு ஆகியவை வேண்டும். இங்கே கைமாறி வரும் நான்காம், ஆறாம் தலைமுறை ஐ5 லப்டொப்களில் அது ஓடாது.

சந்தேகம் இருந்தால் "செட்டிங்ஸ்" திறந்து "பிரைவசி அன்ட் செக்யூரிட்டி" பகுதியில் "ரீகோல் அன்ட் ஸ்னப்ஷொட்ஸ்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லையென்றால் வசதியும் இல்லை. இருந்தால், படச் சேமிப்பை நிறுத்தி, சேர்ந்தவற்றை அழித்துவிட்டு, "டேர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஓஃப்" என்ற பட்டியலில் ரீகோலுக்கு எதிரேயுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மறுதொடக்கத்தின் பின் அது கழற்றப்பட்டிருக்கும்.

அப்படியென்றால் பழைய கணினியில் கவலையே வேண்டாமா?

ரீகோல் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே நடப்பவை இருக்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டும் கணினியின் நிலை பற்றிய தரவை மைக்ரோசொப்டுக்கு அனுப்புகின்றன. இதில் கட்டாயப் பகுதி, விருப்பப் பகுதி என்று இரண்டு. விருப்பப் பகுதியில் நீங்கள் போகும் இணையத்தளங்கள், எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவித்தீர்கள் என்பவையும் அடங்கும். அதை நிறுத்தலாம். கட்டாயப் பகுதியை ஹோம், புரோ பதிப்புகளில் நிறுத்த முடியாது. இவை போக, விளம்பரத்துக்கென்று ஒரு அடையாள எண், ஸ்டார்ட் மெனுவில் தட்டுவது இணையத் தேடலுக்கும் போவது, பாவனை வரலாறு என்று பட்டியல் நீளும்.

இவை எல்லாவற்றையும் விட நடைமுறையில் அதிகம் கவனிக்க வேண்டியது வன்டிரைவ் என்ற மைக்ரோசொப்டின் மேகச் சேமிப்பு, அதாவது இணையம் வழியே கோப்புகளை நிறுவனத்தின் கணினிகளில் வைக்கும் சேவை. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, நிறுவலின்போது கேட்பதையெல்லாம் "நெக்ஸ்ட்" தட்டிக்கொண்டு போனால், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் மேகச் சேமிப்புக்குப் போகத் தொடங்கலாம். "ஆவணம் என் கணினியில்தான் இருக்கிறது" என்று நம்புபவரின் கோப்பு வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றில் இருக்கும்.

என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை. நான் ஏன் மாற வேண்டும்?

உங்களுடையதை மட்டும் நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமாகவே தெரியும். ஆனால் உங்கள் கணினியில் இருப்பவை எல்லாம் உங்களுடையவையா? கொமினிகேசன் கடையின் "டவுன்லோட்ஸ்" கோப்புறையைத் திறந்து பாருங்கள். மூதூரிலிருந்து படகேறி வந்து பிரதி எடுத்துப் போனவரின் அடையாள அட்டை, ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டு வேலைக்குக் கொடுத்த மருத்துவ அறிக்கை, யாரோ ஒருவரின் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம். விடுதிக் கணினியில் பயணிகளின் கடவுச்சீட்டுப் பிரதிகள். சட்டத்தரணி அலுவலகத்தில் காணி உறுதிகள், சத்தியக் கடதாசிகள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார் கொடுத்த முறைப்பாடுகள் இருக்கும் கணினிகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. அந்தத் தாள்களைக் கொடுத்தவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தார்கள். உங்கள் கணினி என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். அவர்களுக்காக அதைத் தெரிந்துவைத்திருப்பது கணினி உரிமையாளரின் பொறுப்பு.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

விண்டோஸிலேயே இருந்துகொண்டு இதைக் குறைக்க முடியாதா?

முடியும். பலருக்கு இதுவே போதும், 15 நிமிட வேலை. விண்டோஸ் 11 இல் "பிரைவசி அன்ட் செக்யூரிட்டி" பகுதிக்குப் போய் "டயக்னொஸ்டிக்ஸ் அன்ட் ஃபீட்பக்" திறந்து, விருப்பத் தரவு அனுப்புவதை நிறுத்துங்கள். அதே பக்கத்தில் இதுவரை அனுப்பியதை அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. அடுத்து விளம்பர அடையாள எண், தட்டச்சுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் வசதி, "அக்டிவிட்டி ஹிஸ்டரி", தேடலில் மேகக் கோப்புகளைக் காட்டும் வசதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். வன்டிரைவின் அமைப்புக்குள் போய்க் கோப்புறைக் காப்பை நிறுத்துங்கள். நிறுத்தும்போது கோப்புகள் எங்கே தங்க வேண்டும் என்று கேட்கும். கணினியில் என்று சொல்லுங்கள்.

பெரிய அப்டேட் ஒன்று வந்தபின் இவற்றை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. புதிய வசதி வரும்போது புதிய ஆளியும் சேர்ந்து வரும்.

விண்டோஸ் 10 இலேயே தொடரலாமா?

அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. நீடிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதில் சேர மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே, அமைப்புகளை அந்தக் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை, இல்லாவிட்டால் 30 டொலர் அல்லது 1000 பரிசுப் புள்ளி. கணக்கோடு கட்டுப்பட விரும்பாமல் விலகுபவரை அதே கணக்கில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது இது. திருத்தம் வராத இயங்குதளத்தில் வங்கி வேலை செய்வது, கண்காணிப்பை விடப் பெரிய ஆபத்து.

எந்த லினக்ஸை எடுப்பது?

புதிதாக வருபவருக்கு லினக்ஸ் மின்ட் என்பதே எங்கள் பதில். ஸ்டார்ட் மெனு, பணிப்பட்டை எல்லாம் விண்டோஸ் பழகிய கைக்குப் பழகிய இடத்தில் இருக்கும். பாவனைத் தரவைச் சேகரித்து அனுப்பும் பகுதி அதில் இல்லை. 22 ஆம் தொடர், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி ரெம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. 2 ஜிபியிலும் நிறுவலாம், ஆனால் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்ததும் மூச்சு வாங்கும்.

ரெம்மை விட டிஸ்க்தான் பழைய லப்டொப்பின் நோய். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டபின் லினக்ஸை நிறுவினால், வேறு கணினி வாங்கியதுபோல் இருக்கும். பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்தால் அதுவே உங்கள் காப்புப் பிரதியும் ஆகிவிடும்.

லினக்ஸ் என்றால் எதையுமே பதிவுசெய்யாதா?

அப்படி நம்பிவிட வேண்டாம். 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, கணினிக்குள் தேடும் சொற்களை இணையத்துக்கும் அனுப்பி அமேசன் பொருட்களைக் காட்டியது. பாவனையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 16.04 பதிப்பில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டு வந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் என்ன நடக்கிறது என்று எவரும் பார்க்க முடிந்தது, வேறு பதிப்புக்கு மாறவும் வழி இருந்தது. லினக்ஸில் நாம் நம்புவது இந்த இரண்டையும்தான்.

மின்ட்டும் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை உங்கள் கணினிக்குள் வைத்திருக்கும். சினமன் பதிப்பின் அமைப்புகளில் "பிரைவசி" திறந்து அணைக்கலாம். அதில் வரும் பயர்பொக்ஸ் பிரவுசரும் தொழில்நுட்பத் தரவு அனுப்பும். அதன் அமைப்புகளில் தரவுச் சேகரிப்பு என்ற பகுதியில் சரி அடையாளங்களை எடுத்துவிடுங்கள்.

மாறுவதற்கு முன் என்ன செய்துவைக்க வேண்டும்?

இந்தப் பதிலைத் தாண்டிப் போக வேண்டாம். மாறும்போது வரும் இழப்புகளுக்குப் பெரும்பாலும் இங்கே விட்ட ஒரு படிதான் காரணம்.

முதலில் கோப்புகள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்குமுன், வன்டிரைவ் கோப்புறையில் மேகச் சின்னத்தோடு இருக்கும் கோப்புகளைப் பாருங்கள். அவை உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. கோப்புறையில் வலப்பக்கச் சொடுக்கு கொடுத்து "ஓல்வேய்ஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்" என்பதைத் தெரிந்து, எல்லாம் பச்சைச் சரி அடையாளத்துக்கு மாறிய பிறகே பிரதி எடுங்கள். எடுத்தபின் அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது பிட்லொக்கர், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி. விண்டோஸ் 11 வந்த பல கணினிகளில் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பூட் அமைப்பில் (கணினி தொடங்கும் முறையில்) கைவைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். முன்கூட்டியே கடதாசியில் எழுதி வையுங்கள். கணினியிலேயே சேமித்துவைத்தால் பயனில்லை.

மூன்றாவது, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். குரோமிலிருந்து ஏற்றுமதி செய்யலாம், ஆனால் அந்தக் கோப்பில் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும். புதிய பயர்பொக்ஸில் சேர்த்த கையோடு அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும்.

கடைசியாக, பாமினி முதலிய எழுத்துருக் கோப்புகளை விண்டோஸின் "ஃபொன்ட்ஸ்" கோப்புறையிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

எப்படி இறக்குவது? என்ன வேண்டும்?

ஏறத்தாழ 3 ஜிபி டேட்டா, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவில் இருப்பது முழுதும் அழிந்துவிடும். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் இறக்குங்கள். நிறுவியபின் முதல் அப்டேட்டுக்கும் சில நூறு எம்பி வேண்டும்.

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட்டின் நிறுவல் கோப்பு) சரிபார்க்க, 7-சிப் மென்பொருள் இருந்தால் கோப்பில் வலப்பக்கச் சொடுக்கு கொடுத்து எஸ்எச்ஏ-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணை எடுக்கலாம். அது தளத்திலுள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். விட்டுவிட்டு வரும் இணைப்பில் இறக்கினால் கோப்பு பழுதாக வர வாய்ப்பு அதிகம். பழுதான கோப்பு நிறுவலின் நடுவே நின்று, கணினிதான் பிழை என்று நினைக்கவைக்கும். பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்புபோல் இழுத்துப் போட்டால் பூட் ஆகாது.

பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கவில்லை. என்ன செய்வது?

கணினியைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தொடர்ந்து தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் லப்டொப் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பல மாதிரிகளில் பயோஸுக்குள் (தாய்ப்பலகையின் அமைப்புத் திரைக்குள்) போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டும். செக்யூர் பூட்டை (அங்கீகரித்த இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பை) அணைக்கச் சொல்லும் பழைய காணொளிகளைப் பின்பற்றத் தேவையில்லை, மின்ட் அதோடு சேர்ந்தே இயங்கும்.

தொடங்கியதும் உடனே நிறுவ வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஒரு மணி நேரம் பாவியுங்கள். வைஃபை, ஒலி, கமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழித்துக்கொள்வது ஆகியவற்றைச் சோதியுங்கள். டிஸ்க்கில் இன்னும் ஒன்றும் மாறவில்லை.

வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் புரோட்கொம் அல்லது ரியல்டெக் சில்லாக இருக்கும். போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். பிறகு "டிரைவர் மனேஜர்" திறந்து பொருத்தமான டிரைவரை நிறுவலாம். நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், சில இன்டெல் லப்டொப்களில் சேமிப்பு ஆர்எஸ்டி முறையில் இருப்பதுதான் காரணம். பயோஸில் ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் நேரடியாக மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, பயோஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறிவிட்டு, வழமைக்குத் திருப்புங்கள்.

இரண்டையும் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். விண்டோஸின் "டிஸ்க் மனேஜ்மென்ட்" மூலம் குறைந்தது 60 ஜிபி இடத்தைச் சுருக்கி எடுத்துக் காலியாக விடுங்கள். "பவர் ஒப்ஷன்ஸ்" இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் உறங்கும், லினக்ஸிலிருந்து அதன் டிஸ்க்கில் எழுத முடியாது, பலவந்தமாக எழுதினால் கோப்பு கெடும்.

விண்டோஸ் அப்டேட் சில வேளை பூட் வரிசையைத் தனக்குச் சாதகமாக மாற்றும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவே விடவில்லை. 2025 மே மாதத்தில்தான் அதற்கு முழுத் தீர்வு வந்தது. முடிந்தால் இரண்டையும் இரண்டு தனி டிஸ்க்கில் வையுங்கள்.

விண்டோஸில் தொடங்கும் நாளில் விண்டோஸ் செய்வதெல்லாம் வழமைபோல் நடக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். மற்றவர்களின் ஆவணங்களை லினக்ஸ் பக்கத்திலேயே வைத்து, விண்டோஸை அந்த ஒரு மென்பொருளுக்காக மட்டும் திறப்பது நல்ல ஏற்பாடு.

நிறுவும்போது கரண்ட் போனால்?

டிஸ்க்கின் பிரிவுகளைச் சுருக்கிக்கொண்டிருக்கும் நேரம் போனால் தரவு போகலாம். லப்டொப் என்றால் பட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்கட்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மழைக்கால மாலைகளில் இதைச் செய்யாமல் காலையில் செய்யுங்கள்.

டிஸ்க்கைப் பூட்ட வேண்டுமா?

ஆம். லப்டொப் திருட்டுப் போனால் அல்லது பழுதுபார்க்கக் கொடுத்தால் உள்ளே இருப்பதைக் காப்பது இது ஒன்றுதான். டிஸ்க் முழுவதையும் லினக்ஸுக்குக் கொடுக்கும்போது, நிறுவியின் "அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்" பொத்தானுக்குள் மறைகுறியாக்கம் இருக்கும். நிறுவலுக்குப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் எந்தக் கடையிலும் திறக்க முடியாது.

தமிழில் எப்படித் தட்டச்சுச் செய்வது? பாமினிக் கோப்புகள் என்னாகும்?

மென்பொருள் நிலையத்தில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற பொதியைத் தேடி நிறுவி, "இன்புட் மெதட்" அமைப்பில் ஐபஸைத் தெரிந்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பின் ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது ஒலிப்பு முறை, தமிழ்99, தட்டச்சு முறை, இலங்கைக்கான ரெங்கநாதன் முறை எல்லாம் வரும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் கைக்கு வரும். ஆங்கில விசையில் "அம்மா" தட்டிப் பழகியவர்களுக்கு ஒலிப்பு முறை. எழுத்துப் பிரிந்து தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

பாமினி வேறு கதை. அது யுனிகோட் (எல்லாக் கணினிகளும் பொதுவாக ஏற்கும் எழுத்து முறை) இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. எனவே பாமினி இல்லாத கணினியில் இருபது வருடத்துக் கடிதங்களும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முன்பு பிரதி எடுத்த எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கு கொடுத்து நிறுவினால், மின்ட்டோடு வரும் ஒபிஸ் மென்பொருளான லிப்ரே ஒபிஸில் அதே கடிதம் தமிழாகத் தெரியும்.

பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் பல உண்டு. கவனம் தேவை. யாரோ ஒருவரின் சத்தியக் கடதாசியை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டுவது, நீங்கள் தப்பிவந்த கண்காணிப்பை விட மோசம். பக்கத்தைத் திறந்துவிட்டு வைஃபையைத் துண்டித்துப் பாருங்கள். இணையம் இல்லாமலும் மாற்றித் தந்தால் வேலை உங்கள் கணினிக்குள் நடக்கிறது. மாற்றி எடுத்ததும் பக்கத்தை மூடிவிட்டு இணையத்தை இணையுங்கள். துண்டித்ததும் நின்றுபோனால், உங்கள் எழுத்து வெளியே போய்த்தான் மாறி வருகிறது.

பிரிண்டர் வேலை செய்யுமா?

எப்சன் எல் வரிசை மைத் தொட்டிப் பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். எச்பி லேசர்களில் 1020, பி1102 போன்றவற்றுக்கு எச்பியின் கூடுதல் பொதி ஒன்றை இறக்க வேண்டும், அதற்கு இணையம் தேவை. தொந்தரவு கொடுப்பது கெனன் எல்பிபி 2900. அது கெனனின் தனி மொழியில் பேசுவது, புதிய லினக்ஸில் ஓடவைப்பது நிச்சயமில்லை. கடையின் பிழைப்பே அந்தப் பிரிண்டரில் என்றால், பென் டிரைவில் தொடங்கிச் சோதிக்காமல் மாறவேண்டாம்.

எவை ஓடாது?

போட்டோசொப், டெஸ்க்டொப்பில் நிறுவும் மைக்ரோசொப்ட் ஒபிஸ், கடைகளின் பெரும்பாலான பில் மென்பொருள்கள், வெலோரன்ட் போன்ற சில இணைய விளையாட்டுகள். எக்செல் மெக்ரோக்கள் லிப்ரே ஒபிஸில் பெரும்பாலும் தடுக்கி விழும். சூம், வைபர், சிக்னல், டெலிகிராம் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. வட்ஸ்அப்பைப் பிரவுசரில் திறக்கலாம்.

விண்டோஸுக்குப் போய்வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிழைக்கிறது. ஏன்?

விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இலங்கை நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை அனைத்துலக நேரமாக வாசிக்கிறது. லினக்ஸின் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

கொமினிகேசன் கடைக் கணினியை எப்படி அமைப்பது?

கடைக்காரர்களுக்கு மின்ட்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. "லொகின் விண்டோ" அமைப்பில் விருந்தினர் அமர்வை அனுமதிக்கலாம். வாடிக்கையாளர் அந்த அமர்வில் தன் மின்னஞ்சலைத் திறந்து, கோப்பை இறக்கி, பிரிண்ட் எடுத்துவிட்டு வெளியேறியதும், இறக்கிய கோப்பு, பிரவுசர் வரலாறு, நுழைந்திருந்த கணக்கு எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். நீங்கள் ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கத் தேவையில்லை. ஒவ்வொருவருக்குப் பின்னும் வெளியேறுவதை மட்டும் வழக்கமாக்குங்கள். திரையைப் பூட்டிவிட்டு அடுத்தவரை இருத்தினால் ஒன்றும் அழியாது. கடை வட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லி வாங்கும் அடையாள அட்டைப் படங்கள் போனில் தங்கிவிடும் என்பதால், மறையும் செய்தி அமைப்பை 24 மணி நேரத்துக்கு வையுங்கள். படங்கள் தானாகக் கலரியில் சேர்வதையும் நிறுத்துங்கள்.

லினக்ஸுக்கு மாறினால் கூகுளும் பேஸ்புக்கும் பின்தொடர்வது நிற்குமா?

நிற்காது. இயங்குதளம் செய்வது மட்டும் நிற்கும். பிரவுசரில் கூகுள் கணக்கோடு இருந்தால் தேடல் வரலாறு முன்போலவே சேரும். பயர்பொக்ஸில் விளம்பரங்களையும் பின்தொடர்வதையும் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் நீட்சியைப் போட்டு, கூகுள் கணக்கின் செயற்பாட்டு வரலாற்றைத் தனியாக நிறுத்த வேண்டும். போனும் தனி வேலை.

கழற்றிய பழைய டிஸ்க்கை விற்கலாமா?

கோப்புகளை அழித்து, ஃபோர்மட் செய்து விற்றால் வாங்கியவர் இலவச மென்பொருள் ஒன்றால் பெரும்பகுதியை மீட்டுவிடுவார். சுழலும் டிஸ்க் என்றால் மின்ட்டின் "டிஸ்க்ஸ்" செயலியில் ஃபோர்மட் கொடுக்கும்போது, பூச்சியத்தால் மேலெழுதும் தெரிவை எடுங்கள். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும், ஒருமுறை எழுதினாலே போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதல் எல்லா இடத்தையும் தொடாது. அதே மெனுவில் "செக்யூர் இரேஸ்" தெரிவு வந்தால் அதைப் பாவியுங்கள். வராவிட்டால், பழுதாகி இயங்காமல் போன டிஸ்க்கென்றாலும் கூட, விற்காமல் கழற்றி உடைத்துவிடுங்கள். மற்றவர்களின் அடையாள அட்டைகளும் உறுதிகளும் இருந்த டிஸ்க்குக்கு இரண்டாம் கை விலை கேட்க வேண்டாம்.